குட்டைக் குரோமோசோமும் தாழ்ப்பாள் இழந்த நொதியும்

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் ஒரு கத்தரிக்கோல் வேலை கொடுப்பதுண்டு. மனித உயிரணு ஒன்றின் குரோமோசோம்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் படத்தை நகலெடுத்துத் தருவேன். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, நீளத்தையும் பட்டைகளையும் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். 1 முதல் 22 வரை வரிசையாக ஒட்டிவிட்டுக் கடைசியில் பாலினக் குரோமோசோம்களையும் சேர்த்தால் மொத்தம் 46 வரும். தேர்வுக்கு வரக்கூடிய பாடம் என்பதால் எல்லாரும் ஒழுங்காகவே செய்வார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், 22-ஆம் ஜோடியில ஒன்னு குட்டையா இருக்கு. நான் தப்பா வெட்டிட்டேனா?"

அவள் தப்பாக வெட்டவில்லை. பத்துத் தாளுக்கு ஒரு தாளாக, நான் வேண்டுமென்றே கலந்து வைக்கும் படம் அது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவரின் உயிரணுவிலிருந்து எடுத்தது. அதைச் சொன்னதும் அவள் கேட்ட அடுத்த கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "அந்த ஆள் இப்ப எப்படி இருக்கார்?"

படத்தில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. பெயர் தேவையில்லை, தேதி மட்டும் தெரிந்திருந்தால் ஓரளவு பதில் சொல்லியிருப்பேன். அது எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம்.

குழாய்த் தண்ணீரின் உதவி

மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்பதே 1956-இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று பாடநூல்களில் அச்சிட்டு வந்தார்கள். சரியாக எண்ணிச் சொன்ன இருவரில் ஒருவரான ஜோ ஹின் ஜியோ நமக்கு அண்டை நாட்டுக்காரர், ஜாவாவில் பிறந்தவர்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்ற இளம் ஆய்வாளர் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்துக்கொண்டிருந்தார். சாயம் ஏற்றுவதற்கு முன் தகட்டைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினார். தண்ணீர் உள்ளே புகுந்து உயிரணுக்கள் உப்பிவிட்டன. சவ்வூடு பரவல் என்று படித்திருப்பீர்களே, அதேதான். உப்பிய உயிரணுவுக்குள் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகித் தனித்தனியாகத் தெரிந்தன. குரோமோசோம்களைப் பற்றித் தமக்கு அதிகம் தெரியாது என்பதால், அதில் பழக்கமுள்ள டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற பட்டமேற்படிப்பு மாணவரைத் தேடிப் பிடித்தார் நோவெல்.

இருவரும் சேர்ந்து நாட்பட்ட மைலாய்டு நோயாளிகளின் உயிரணுக்களைப் பார்த்தபோது, அவற்றில் இயல்புக்கு மாறாகச் சின்னஞ்சிறு குரோமோசோம் ஒன்று திரும்பத் திரும்பத் தென்பட்டது. 1960-இல் இதைச் சுருக்கமாக வெளியிட்டார்கள். ஊரின் பெயரையே வைத்து அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. ஒரு குறிப்பிட்ட புற்றுநோயோடு ஒரு குறிப்பிட்ட குரோமோசோம் மாற்றத்தை இணைத்துக் காட்டிய முதல் கண்டுபிடிப்பு இதுதான். ஆனால் அன்றைய கருவிகளைக் கொண்டு அவர்களால் ஒன்றை மட்டுமே சொல்ல முடிந்தது: குரோமோசோமின் ஒரு துண்டு காணவில்லை. தொலைந்துபோயிருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள்.

துண்டு எங்கே போனது என்று கண்டுபிடித்தவர் சிக்காகோவின் ஜேனட் ரௌலி. நான்கு மகன்களின் தாய். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த ஆண்டுகளில் பகுதி நேரமாக மட்டுமே வேலை செய்தவர். ஒளிரும் சாயமிட்டுக் குரோமோசோமின் பட்டைகளைத் தெளிவாகப் பார்க்கும் புதிய முறையை இங்கிலாந்தில் கற்றுக்கொண்டு திரும்பினார். எடுத்த படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரித்து ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். வகுப்பில் நாங்கள் செய்கிற அதே வேலை!

அந்த மேசையில்தான் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருக்கும் நோயாளிகளுக்கெல்லாம் 9-ஆம் குரோமோசோம் ஒன்று சற்று நீளமாக இருந்தது. துண்டு தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. 1973-இல் அவர் இதை வெளியிட்டார். இரண்டு குரோமோசோம்களும் உடைந்து, முனைகளை மாற்றி ஒட்டிக்கொண்டுவிட்டன என்பது பின்னர் உறுதியாயிற்று. பெரிய துண்டு 22-லிருந்து 9-க்குப் போக, 9-இன் முனையிலிருந்து ஒரு சிறு துண்டு 22-க்கு வந்தது.

வந்த சிறு துண்டில் இருந்ததுதான் நம் கதாநாயகன்: ஏபிஎல்1 என்ற மரபணு.

எலியிடமிருந்து வந்த பெயர்

ஏபிஎல் என்பது ஏபெல்சன் என்ற பெயரின் சுருக்கம். ஹெர்பர்ட் ஏபெல்சன் 1970-இல் எலிகளுக்கு வேகமாக இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்றைத் தனிப்படுத்திக் காட்டினார். பின்னர் அந்த வைரஸை ஆராய்ந்தபோது, அதற்கு அந்தக் கெட்ட குணத்தைக் கொடுத்த மரபணு வைரஸுக்கே உரியது அல்ல என்று தெரிந்தது. எலியின் உயிரணுவிலிருந்து அது திருடிக்கொண்ட மரபணு அது. நம் உடலிலும் அதன் சகோதரன் இருக்கிறது. 9-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தின் முனைக்கு அருகே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

அது உருவாக்கும் புரதம் என்ன வேலை செய்கிறது? இதற்குப் பதில் கிடைத்த விதம், ஆய்வுக்கூடத்தில் சோம்பல்படும் என் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கலிபோர்னியாவில் டோனி ஹன்டர் என்பவர் 1979-இல், புரதங்களில் எந்த அமினோ அமிலத்தின்மீது பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று மின்புலம் கொண்டு பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செரின், திரியோனின் என்ற இரண்டின்மீது மட்டுமே ஏறும் என்பது அன்றைய நம்பிக்கை. அவர் பயன்படுத்திய தாங்கல் கரைசல் பழையது. புதிதாகக் கலக்காமல் பலமுறை பயன்படுத்தியதால் அதன் பிஎச் மதிப்பு 1.9-லிருந்து 1.7-க்கு இறங்கியிருந்தது. அந்தச் சிறு வேறுபாட்டால், வழக்கமாக ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து மறைந்துகொள்ளும் இரண்டு புள்ளிகள் அன்று பிரிந்து தெரிந்தன. புதிய புள்ளி, பாஸ்பேட் ஏறிய டைரோசின். அடுத்த ஆண்டே, ஏபெல்சன் வைரஸின் புரதமும் டைரோசினில் பாஸ்பேட் ஏற்றும் வகையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது.

(பழைய கரைசலைப் பயன்படுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிய புள்ளி ஒன்று தெரிந்தபோது அது என்னவென்று தேடிப்போனாரே, அதைத்தான் சொல்கிறேன்.)

கைனேஸ் என்றால் என்ன?

மலாய்ப் பாடநூலில் 'என்சிம்' என்று நீங்கள் படிப்பதுதான் தமிழில் நொதி. செரிமானப் பாடத்தில் வரும் நொதிகள் எல்லாம் வெட்டும் வேலைக்காரர்கள். அமிலேஸ் மாவுச்சத்தை வெட்டும். லிப்பேஸ் கொழுப்பை வெட்டும். கைனேஸ் எதையும் வெட்டுவதில்லை. அது ஒட்டுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் தயாராகும் ஏடிபி மூலக்கூறுக்கு மூன்று பாஸ்பேட்டுகள் வால் போல் தொங்கும் அல்லவா? புரதக் கைனேஸ் அதில் கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றி, வேறொரு புரதத்தின்மீது ஒட்டுகிறது. செய்வது அவ்வளவுதான். ஆனால் பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அது வந்து உட்கார்ந்ததும் புரதத்தின் மடிப்பு சற்று நெளிகிறது. நெளிந்தால் வேலை மாறுகிறது. தூங்கிக்கொண்டிருந்த புரதம் விழிக்கலாம், விழித்திருந்தது தூங்கலாம், இன்னொரு புரதத்தோடு கைகோக்கலாம். வேலை முடிந்ததும் பாஸ்பட்டேஸ் என்ற வேறு வகை நொதி வந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். வகுப்பறை விளக்கின் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனித மரபணுத் தொகுதியில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் 500-க்கும் மேற்பட்டவை புரதக் கைனேஸ்களுக்கு உரியவை. அவற்றுள் டைரோசினில் மட்டும் பாஸ்பேட் ஒட்டும் கூட்டம் சிறியது, சுமார் 90. பெரும்பாலும் 'வளர்', 'பிரி', 'நகர்' போன்ற பெரிய கட்டளைகள் இந்தச் சிறு கூட்டத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே இவற்றில் ஒன்று கெட்டுப்போனால் விளைவும் பெரிதாக இருக்கும்.

ஏபிஎல்1 புரதத்தில் சுமார் 1,100 அமினோ அமிலங்கள் உள்ளன. வெளியிலிருந்து உயிரணுவுக்கு வரும் செய்திகளைக் கேட்டு, அதன் உள்கூடான ஆக்டின் இழைகளை மாற்றியமைக்க உதவுவது அதன் வேலைகளில் ஒன்று. உயிரணு வடிவம் மாறவும் நகரவும் இது தேவை. உட்கருவுக்குள் சென்று, டிஎன்ஏ சேதமடையும்போது நடக்கும் எதிர்வினைகளிலும் அது பங்கெடுக்கிறது. இந்த மரபணுவை நீக்கி உருவாக்கிய எலிக்குட்டிகளில் பல, பிறந்து சில வாரங்களுக்குள் இறந்துபோயின. ஆக, ஏபிஎல்1 நமக்குத் தேவையான மரபணு. 'புற்றுநோய் மரபணு' என்று அதை ஒரேயடியாகத் திட்டுவது சரியில்லை.

தேவையானதுதான், ஆனால் பெரும்பாலான நேரம் அது அணைந்தே இருக்க வேண்டும். அதற்கு அந்தப் புரதத்திலேயே ஒரு தாழ்ப்பாள் உண்டு.

ஜாதிக்காயும் தாழ்ப்பாளும்

ஏபிஎல்1 புரதம் இரண்டு வடிவங்களில் உருவாகிறது. அவற்றில் ஒன்றின் தலைப்பகுதியில், 14 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும். அதன் பெயர் மிரிஸ்டிக் அமிலம். பினாங்குக்குச் சுற்றுலா போனவர்கள் அங்கே 'பாலா' ஊறுகாயும் தைலமும் வாங்கியிருப்பீர்கள். பாலா என்பது ஜாதிக்காய். ஜாதிக்காய் மரத்தின் அறிவியல் பெயர் மிரிஸ்டிகா. அதன் கொழுப்பிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால்தான் அந்த அமிலத்துக்கு இந்தப் பெயர். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயிலும் அது உண்டு.

கைனேஸ் பகுதி ஒரு வாய் போல இரண்டு மடல்களாக இருக்கிறது. நடுவில் உள்ள பிளவில் ஏடிபி வந்து உட்காரும். கீழ் மடலின் அடியில், ஏடிபி அமரும் இடத்திலிருந்து வெகு தள்ளி, ஓர் ஆழமான குழி இருக்கிறது. தலைப்பகுதியின் கொழுப்புவால் சுருண்டு வந்து அந்தக் குழிக்குள் நுழைந்துகொள்ளும். நுழைந்ததும் புரதத்தின் வேறு இரண்டு பகுதிகள் கைனேஸின் முதுகை இறுக்கிப் பிடிக்கும். வாய் அசைய முடியாது. விளக்கு அணைந்துவிட்டது. ஜான் குரியன் என்ற விஞ்ஞானியின் குழு இந்த அமைப்பைப் படிகமாக்கி, ஊடுகதிர் கொண்டு அணு அணுவாகப் பார்த்து 2003-இல் வெளியிட்டது. குரியன் அமெரிக்கா போவதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

இப்போது மாணவியின் குட்டைக் குரோமோசோமுக்குத் திரும்புவோம். 9-ஆம் குரோமோசோம் உடைந்தது ஏபிஎல்1 மரபணுவின் தொடக்கப் பகுதியில். தொடக்கம் 9-லேயே தங்கிவிட, மீதி மட்டும் 22-க்குப் போய் அங்கே பிசிஆர் என்ற வேறொரு மரபணுவின் பின்னால் ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து ஒரே புரதத்தைச் செய்கின்றன. தலை பிசிஆருடையது, உடல் ஏபிஎல்1-உடையது. தலை மாறிவிட்டதால் தலையில் இருந்த கொழுப்புவாலும் போயிற்று. அதாவது தாழ்ப்பாள் போயிற்று. போதாக்குறைக்கு, பிசிஆர் தலைகளுக்கு நான்கு நான்காகக் கூடிக்கொள்ளும் பழக்கம் உண்டு. கூடிய புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டி, ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. விளக்கு எந்நேரமும் எரிகிறது.

இது எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரே ஒரு மூல உயிரணுவில் நடந்தால் போதும். அதன் வம்சம் பெருகிப் பெருகி வெள்ளை அணுக்களாக இரத்தத்தில் நிறைகிறது. மண்ணீரல் வீங்கும், உடல் அசதியாக இருக்கும். பலருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் பிடிபடும். ஆண்டுக்கு 1 இலட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் இந்த நோய் வருகிறது. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை, தொற்றுவதுமில்லை. இதை வகுப்பில் நான் இரண்டு முறை சொல்வேன். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்திருந்தால், 'எனக்கும் வருமா?' என்று கேட்கத் தயங்கும் பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும்.

ஒரே ஒரு சுவிட்சை அணைக்க முடியுமா?

காரணம் தெரிந்துவிட்டது. 1990-இல் இந்த இணைப்பு மரபணுவை எலிகளின் மஜ்ஜைக்குள் செலுத்தி, அதுவே நோயை உண்டாக்குகிறது என்று நிரூபித்தும் விட்டார்கள். அடுத்த கேள்வி, அந்த நொதியை மட்டும் அணைக்கும் மருந்து செய்ய முடியுமா என்பது. முடியாது என்று நினைத்தவர்களே அதிகம். அவர்கள் சொன்ன காரணத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்களும் ஒரே ஏடிபியைத்தான் பயன்படுத்துகின்றன. ஏடிபி உட்காரும் இருக்கையும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒன்றை அடைக்கப் போய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நோயாளி பிழைப்பாரா?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மருந்து நிறுவனம் ஒன்றில் நிக்கலஸ் லைடனும் அவருடைய குழுவினரும் கைனேஸ்களை அடைக்கும் வேதிப்பொருள்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் இந்த இரத்தப் புற்றுநோயின்மீது குறியாக இருந்தார். லைடன் அனுப்பிய பொருள்களை டிரக்கர் நோயாளிகளின் உயிரணுக்களில் சோதித்தார். அவற்றில் ஒன்று, புற்று உயிரணுக் கூட்டங்களை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. இயல்பான உயிரணுக்களைப் பெரும்பாலும் தொடவில்லை. 1996-இல் முடிவு வெளியானது. அதுதான் பின்னர் இமாட்டினிப் என்ற மாத்திரை ஆனது.

அது எப்படி ஒன்றை மட்டும் அடையாளம் கண்டது? விடை 2000-ஆம் ஆண்டில், அதே குரியனின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. எரியும் நிலையில் கைனேஸ்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். அணையும் நிலையிலோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருண்டுகொள்ளும். தாழ்ப்பாள் இல்லாத ஏபிஎல்கூட இடையிடையே கணநேரம் அணைந்த வடிவத்துக்கு வந்துபோகும். அந்தக் கணத்தில் இமாட்டினிப் புகுந்து, அதை அப்படியே அணைந்த நிலையில் பிடித்து வைத்துக்கொள்கிறது. முழுக்க முழுக்க ஒன்றை மட்டும் பிடிக்கிறது என்று சொல்ல முடியாது. கிட் என்ற கைனேஸ் உள்ளிட்ட இன்னும் சிலவற்றையும் பிடிக்கும். அதனால்தான் குடல் பகுதியில் வரும் ஓர் அரிய கட்டிக்கும் அதே மாத்திரை பயன்படுகிறது.

1998 ஜூனில் முதல் நோயாளி மருந்தை விழுங்கினார். யாருக்கும் தீங்கு நேர்ந்துவிடக் கூடாதென்று மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டினார்கள். வேறு சிகிச்சைக்கு மசியாத 54 பேருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்தபோது, 53 பேரின் இரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. பலருக்கு நான்கே வாரத்தில். 2001 ஏப்ரலில் இந்த முடிவு வெளிவர, மே 10-ஆம் தேதி அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி வழங்கியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வொன்றில், இந்த மருந்தோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் சுமார் 83 விழுக்காட்டினர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தனர்.

மாத்திரை கண்டுபிடித்தால் மட்டும் போதுமா, வாங்க வேண்டாமா? இந்தியாவில் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆகும் என்றும், உள்நாட்டு நிறுவனங்கள் தயாரித்ததற்கு 10,000 ரூபாய் அளவே ஆகும் என்றும் அப்போது செய்திகள் கூறின. மருந்தின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு உரிமம் கேட்டு நிறுவனம் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006-இல் அங்கே மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று நடந்து, 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பழைய வடிவத்தைவிடக் குணமாக்கும் திறன் கூடியதாகக் காட்டாமல் புதிய வடிவத்துக்கு உரிமம் இல்லை என்பது தீர்ப்பு. படிகங்களைப் பற்றி வேதியியலில் படிக்கும்போது, 'இதெல்லாம் எங்கே பயன்படும்?' என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

ஒரே ஓர் எழுத்து மாறினால்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. சிலருக்கு மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே நோய் திரும்பி வந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் சாயர்ஸின் குழு 2001-இலேயே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. ஏபிஎல்லின் 315-ஆம் இடத்தில் இருப்பது திரியோனின். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து, சி என்பது டி ஆக மாறினால், அந்த இடத்துக்கு ஐசோலூசின் வந்துவிடும். புதிதாக வந்தது சற்றுப் பருமன். மருந்து நுழையும் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறது. மருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லாமல் போகிறது. ஏடிபி மட்டும் பழையபடி வந்து போகும்.

மரபணு மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். கோடிக்கணக்கான புற்று உயிரணுக்களில் தற்செயலாக மாறிய ஒன்றிரண்டு முன்பே இருந்திருக்கும். மற்றவை மடிய, இவை மட்டும் தப்பிப் பெருகும். டார்வினின் இயற்கைத் தேர்வு ஒரு மனிதனின் எலும்புக்குள் நடக்கிறது.

நம் வட்டாரத்துக்கு உரிய இன்னொரு காரணத்தைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2012-இல் கண்டறிந்தது. 'செத்துப்போ' என்று உயிரணுவுக்குக் கட்டளையிடும் பிம் என்ற புரதத்தின் மரபணுவில், கிழக்காசியர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்குப் பிறவியிலேயே ஒரு துண்டு குறைவு. ஐரோப்பியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் அது காணப்படவில்லை. சுவிட்ச் சரியாக அணைந்தாலும், சாக வேண்டிய உயிரணு சாவதற்குத் தயங்குகிறது. மருந்துச் சோதனைகளை ஒரே கண்டத்தில் மட்டும் நடத்தினால் இது கண்ணில் பட்டிருக்காது.

315-ஆம் இடப் பூட்டை உடைக்க 2012-இல் ஒரு புதிய மருந்து வந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது 2021-இல் அனுமதி பெற்ற அசிமினிப். இது ஏடிபியின் இருக்கைப் பக்கமே போவதில்லை. பின் எங்கே போகிறது தெரியுமா? கீழ் மடலின் அடியில் ஒரு குழி இருந்ததே, ஜாதிக்காய்க் கொழுப்புவால் நுழையும் குழி, அதற்குள். பிலடெல்பியா குரோமோசோம் தூக்கியெறிந்த தாழ்ப்பாளின் இடத்தில் செயற்கையான ஒன்றைச் செருகுகிறார்கள். புரதம் இயல்பான ஏபிஎல்1 போலவே முதுகு இறுகி அடங்கிவிடுகிறது. 315-ஆம் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதற்குக் கவலை குறைவு. அந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கூடுதல் அளவில் கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் மாணவியிடம் பதிலோடு போனேன். படம் 1960களில் எடுத்ததென்றால், அந்த ஆள் சில ஆண்டுகளில் இறந்திருப்பார். 1990 என்றால், ஒத்துப்போகும் எலும்பு மஜ்ஜை உடன்பிறந்தவரிடமிருந்து கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. 2001-க்குப் பிறகு என்றால், தினமும் காலையில் பசியாறிவிட்டு, பெரிய குவளைத் தண்ணீரோடு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தத்தில் அந்த இணைப்பு மரபணுவின் சுவடு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுவடே தென்படாத 100 பேருக்குப் பிரான்ஸில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவுப்படி, ஐவரில் சுமார் இருவருக்கு ஓராண்டுக்குப் பிறகும் நோய் திரும்பவில்லை. திரும்பியவர்கள் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள்; அது மீண்டும் வேலை செய்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதை எங்க ஒட்டுறது, டீச்சர்?" என்றாள். குட்டைத் துண்டு இன்னமும் அவள் பென்சில் பெட்டிக்குள்தான் இருந்தது. 22-ஆம் இடத்திலேயே ஒட்டச் சொன்னேன். 9-ஆம் ஜோடியில் எது நீளம் என்பதை அவளே ஏற்கெனவே கண்டுபிடித்து, பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள்.